துரும்பும் பத்திரத்தாளும்: ஓர் எதிர்வினை

சென்ற மாதம் இதே பக்கங்களில் மணமுறிவுச் சட்டங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு படித்தேன். இரண்டாம் முறை, அதில் சட்டம் என்று சொல்லத்தக்கது ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் படித்தேன். கிடைக்கவில்லை. விவாகரத்து நம் மரபில் இல்லாத மேல்நாட்டுச் சரக்கு, நீதிமன்றங்கள் கதவை அகலத் திறந்துவைத்ததால் பிள்ளைகள் ஆறு மாதத்தில் பிரிந்துபோகிறார்கள், செல்லாத் திருமணம், நீதிமன்றப் பிரிவு, விவாகரத்து என்று வக்கீல்கள் அடுக்குவதெல்லாம் ஒரே சரக்குக்கு ஒட்டிய வேறு வேறு சீட்டுகள், குடும்பத்தைக் காக்கும் 'சேர்ந்து வாழ' உத்தரவை வலுப்படுத்த வேண்டும், அப்படியும் ஒத்துவராதவர்களுக்கு ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போகிறார். இருபது ஆண்டுகளாகக் குடும்ப நல நீதிமன்றங்களில் நின்று வழக்கு நடத்துகிறவள் நான். இந்தக் கட்டுரையை நம்பி ஒரு பெண் தன் வாழ்க்கையில் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் மரபு. திருமணம் என்பது சம்ஸ்காரம், ஒப்பந்தம் அல்ல, ஆகவே முறிவு என்ற கருத்தே நம் மண்ணில் முளைக்கவில்லை என்கிறார். எந்த மண்ணைச் சொல்கிறார்? எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலைப் புரட்டிப் பார்த்திருந்தால், தமிழ்நாட்டின் எத்தனையோ சமூகங்களில் மணவிலக்கு அன்றாட வழக்கமாக இருந்ததை அவரே கண்டிருப்பார். சாட்சிகள் முன்னால் ஒரு துரும்பை எடுத்துக் கொடுத்தால் மணம் முடிந்தது. துரும்பு வாங்கினாள் என்றால் விலக்கு ஏற்றாள் என்று பொருள். 'தீர்த்துவிடுதல்' என்ற சொல்லைக் கிராமத்துக் கிழவிகளிடம் இன்றும் கேட்கலாம். பழைய தாலியை அறுத்துவிட்டுப் புதிய தாலி கட்டிக்கொள்வதற்கு 'அறுத்துக்கட்டுதல்' என்று தமிழில் தனி வினையே உண்டு. இல்லாத ஒன்றுக்கு ஒரு மொழி இத்தனை சொற்களைச் செய்து வைக்குமா? கட்டுரையாளர் 'நம் மரபு' என்று எழுதும் இடமெல்லாம் மேல்தட்டுச் சாதிகள் சிலவற்றின் மரபைத்தான் குறிக்கிறது. மீதித் தமிழர்கள் அவர் கணக்கில் வரவே இல்லை.

சரி, அவர் நம்பும் சாத்திரங்களுக்கே போவோம். அர்த்தசாத்திரத்தில், இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவர் வெறுப்பு முற்றினால் அந்த மணத்திலிருந்து 'மோட்சம்' உண்டு என்று கௌடில்யர் விதிக்கிறார். விடுதலைக்கு அவர் போட்ட சொல்லே மோட்சம்தான். எட்டு வகை மணங்களில் தரும மணங்கள் எனப்பட்ட நான்குக்கு அந்த மோட்சம் கிடையாது என்ற விதியும் அங்கேயே இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. மற்ற நான்குக்கு உண்டு என்பதைக் கட்டுரையாளர்தான் மறைத்தார். நாரத ஸ்மிருதியும் பராசர ஸ்மிருதியும் ஐந்து ஆபத்துகளில் பெண் வேறு கணவனை அடையலாம் என்கின்றன: கணவன் காணாமல் போனால், இறந்தால், துறவு பூண்டால், ஆண்மையற்றவனானால், பதிதனானால், அதாவது நெறியிலிருந்து வழுவி விலக்கப்பட்டவனானால். இப்போது 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழாண்டு தகவல் இல்லாமல் போனவன், துறவு பூண்டவன், மதம் மாறியவன் மூவரையும் 13ஆம் பிரிவில் காணலாம். ஆண்மையின்மை 12ஆம் பிரிவில் இருக்கிறது. சாவைத் தவிர, ஸ்மிருதிகாரர்கள் எண்ணிய ஆபத்துகள் ஏறத்தாழ முழுதும் நாடாளுமன்றத்தின் சட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. எந்த மேல்நாட்டிலிருந்து வந்தது இது? பரோடா சமஸ்தானம் 1931இலும், பம்பாய் 1947இலும், நம் மதராஸ் மாகாணம் 1949இலும் இந்துக்களுக்கு மணமுறிவுச் சட்டம் கொண்டுவந்துவிட்டன. டெல்லி நமக்கு ஆறு வருடம் கழித்துத்தான் வந்தது. இவை எதுவும் அந்தக் கட்டுரையில் இல்லை.

மேல்நாட்டுச் சரக்கு ஒன்று நம் சட்டத்தில் உண்மையாகவே இருக்கிறது. கட்டுரையாளர் கும்பிட்டுக் கொண்டாடுகிறாரே, பிரிவு 9, 'சேர்ந்து வாழ' உத்தரவு, அதுதான். தாம்பத்திய உரிமை மீட்பு என்ற இந்தப் பரிகாரம் இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களில் பிறந்தது. எந்தத் தருமசாத்திரத்திலும் இப்படி ஒரு வழக்கு வகை கிடையாது. 1885இல் பம்பாயில் ருக்மாபாய் வழக்கைக் கேட்ட நீதிபதி பின்ஹே இதை வெளிப்படையாகவே சொன்னார்: இது இங்கிலாந்திலிருந்து பெயர்த்து நட்ட செடி, இந்துச் சட்டத்தில் இதற்கு ஆதாரம் இல்லை. பதினோரு வயதில் தனக்குக் கட்டிவைக்கப்பட்ட கணவனிடம் போக மாட்டேன் என்றார் ருக்மாபாய். மேல்முறையீட்டில் பின்ஹேயின் தீர்ப்பு கவிழ்ந்தது. 1887இல், கணவன் வீட்டுக்குப் போ, இல்லையேல் ஆறு மாதம் சிறைக்குப் போ என்று உத்தரவானது. சிறைக்கே போகிறேன் என்றார் அவர். மறு ஆண்டு 2,000 ரூபாய் கொடுத்துக் கணவனிடமிருந்து விடுபட்டு, லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பி, இந்த நாட்டின் தொடக்க காலப் பெண் மருத்துவர்களில் ஒருவராகப் பணியாற்றினார். இங்கிலாந்து தன் புத்தகத்திலிருந்து இந்தப் பரிகாரத்தை 1970இல் நீக்கிவிட்டது. செய்தவனே தூக்கி எறிந்த பொருளைப் பாட்டன் சொத்து என்று பெட்டியில் பூட்டி வைத்துக் காவல் காப்பவர், மற்றவர்களைப் பார்த்து மேல்நாட்டு மோகம் என்கிறார்.

அந்த உத்தரவு குடும்பத்தைக் காக்கிறது என்பதாவது உண்மையா? 1983இல், சென்னையில் திரைப்படங்களில் நடித்துக்கொண்டிருந்த சரிதாவின் வழக்கில் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி சௌத்ரி, விருப்பமில்லாத பெண்ணின் உடலை அரசு ஆணையால் இன்னொருவனுக்கு ஒப்படைப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று பிரிவு 9ஐ ரத்து செய்தார். அடுத்த ஆண்டே சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. கட்டுரையாளர் இந்த இரண்டாவது தீர்ப்பைத்தான் வெற்றிக்கொடி போலத் தூக்கிப் பிடிக்கிறார். அந்தத் தீர்ப்பு எப்படி முடிந்தது என்று படித்தாரா? சேர்ந்து வாழ வேண்டும் என்று மனுப் போட்டவர் மனைவி. கணவர் தடையில்லை என்று சொல்ல, உத்தரவானது. ஓராண்டு கழிந்தது, சேர்ந்து வாழவில்லை என்பதையே காரணமாகக் காட்டிக் கணவர் விவாகரத்து கேட்டார். உச்ச நீதிமன்றம் அதைக் கொடுத்தது. 13(1அ) பிரிவு அதற்கு வழி செய்கிறது: சேர்ந்து வாழ உத்தரவு வந்து ஓராண்டு வரை வாழவில்லை என்றால் இருவரில் எவரும் மணமுறிவு கேட்கலாம். குடும்பத்தைச் சேர்த்துவைக்க அவர் சிபாரிசு செய்யும் பிரிவு, நடைமுறையில் விவாகரத்துக்குப் போகும் ஒரு சுற்றுவழி. நீதிமன்றத் தாழ்வாரத்தில் கட்டுக்கட்டும் குமாஸ்தாவுக்குக்கூட இது தெரியும். மனைவி ஜீவனாம்சம் கேட்டால் மறு வாய்தாவில் கணவன் தரப்பு 'சேர்ந்து வாழ' மனுவோடு வந்து நிற்பதை மாதம்தோறும் பார்க்கிறேன். 'நான் கூப்பிட்டேன், அவள்தான் வரவில்லை' என்று பதிவு செய்துகொள்ளத்தான் அந்த மனு. பாசம் எங்கே இருக்கிறது இதில்?

அடுத்து, எல்லாம் ஒன்றுதான், வக்கீல்களின் சொல் விளையாட்டு என்ற வாதம். கட்டுரையிலேயே ஆபத்தான இடம் இதுதான். ஒன்றுதான் என்று நம்பினால் யாருக்கு என்ன இழப்பு என்று சொல்கிறேன்.

ஏற்கெனவே மனைவி உயிரோடிருக்க, அதை மறைத்து இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டியவன் ஒருவன் இருக்கிறான். அந்த இரண்டாவது பெண் யாரிடமிருந்து விவாகரத்து வாங்க வேண்டும்? பிரிவு 11இன்படி அது முதல் நாளிலிருந்தே திருமணம் இல்லை, இல்லாநிலைத் திருமணம். அவள் கேட்க வேண்டியது விவாகரத்து அல்ல, அப்படியொரு திருமணமே இல்லை என்ற தீர்ப்பு. அவளுடைய குழந்தை? பிரிவு 16 அந்தக் குழந்தையைச் சட்டப்படியான வாரிசாக ஏற்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்குச் சேரும் பங்கிலும் அந்தக் குழந்தைக்கு இடமுண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இல்லாநிலை என்று தீர்ப்பானாலும் அந்தப் பெண் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2025 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்லிக் கொடுத்தால் இதில் எதை அவள் கேட்பாள்?

இன்னொரு வகை, தவிர்தகு திருமணம். ஏமாற்றியோ வற்புறுத்தியோ சம்மதம் வாங்கிய திருமணத்தையும், ஆண்மையின்மையால் தாம்பத்தியமே நடக்காத திருமணத்தையும் பிரிவு 12இன்கீழ் ரத்து செய்யலாம். யாரும் கேட்காதவரை அது செல்லும். கேட்டு நிரூபித்தால் ரத்தாகும். இதில் ஒரு கெடு இருக்கிறது. ஏமாற்று வெளிப்பட்டு ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தெரிந்த பிறகும் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்தால் அந்த உரிமை போய்விடும். இப்போது கட்டுரையாளரின் அறிவுரையை நினைத்துப் பாருங்கள்: பொறுமையாக இரு, இரண்டு மூன்று வருடம் அனுசரித்துப் பார், காலம் எல்லாவற்றையும் ஆற்றும். அவர் பேச்சைக் கேட்டு இரண்டு வருடம் பொறுத்த பெண்ணுக்கு அந்தக் கதவு நிரந்தரமாக மூடிவிடும். குழந்தைத் திருமணத்துக்கும் கெடு உண்டு. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, வயது வராமல் கட்டிவைக்கப்பட்டவள் மேஜராகி இரண்டாண்டுக்குள் அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்தப் பெண்ணுக்கு 20 வயது முடிவதற்குள் யாராவது இதைச் சொல்லியாக வேண்டும். 'ஒன்றுதான்' என்பவர் சொல்லமாட்டார்.

நீதிமன்றப் பிரிவு வேறு. வக்கீல் வாயில் ஜுடிஷியல் செபரேஷன். பிரிவு 10இன்கீழ் அதைப் பெற்றவள் கணவனோடு வாழ வேண்டியதில்லை. ஆனால் மனைவியாகவே நீடிக்கிறாள். கணவன் உயில் எழுதாமல் இறந்தால் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசு. விவாகரத்து பெற்றவளுக்கு அந்த இடம் இல்லை. வேறு திருமணம் வேண்டாம், இவனோடு வாழவும் முடியாது, பிள்ளைகளுக்காகவும் சொத்துக்காகவும் மனைவி என்ற நிலை மட்டும் இருக்கட்டும் என்று யோசித்து வரும் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதவு தெரிய வேண்டும். ஆனால் இந்தப் பிரிவில் இருக்கும்போது இருவரில் யார் மறுமணம் செய்தாலும் அது இருதார மணக் குற்றம், ஏழாண்டு வரை சிறை. விவாகரத்தும் இதுவும் ஒன்றுதான் என்று அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒருவர் இரண்டாம் கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்தால், வழக்குக்குக் கட்டுரையாளரா வந்து நிற்பார்?

ஆறு மாதத்தில் பிரிகிறார்கள் என்ற புலம்பலுக்குப் பதில் சொல்ல அதிக நேரம் தேவையில்லை. திருமணமாகி ஓராண்டு முடியும் முன் விவாகரத்து மனுவே போட முடியாது. அசாதாரணக் கொடுமை என்று நீதிமன்றம் கருதினால் மட்டுமே விலக்கு. 1976இல் சேர்த்த 13ஆ பிரிவின்கீழ் பரஸ்பர சம்மதத்தோடு கேட்பதானால் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தீர்ப்பாகும் வரை இருவரில் ஒருவர் மனம் மாறினாலும் மனு விழுந்துவிடும் என்று 1991இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்ற 2017ஆம் ஆண்டு அமர்தீப் சிங் தீர்ப்பைத்தான் 'கதவைத் திறந்துவிட்டது' என்று அவர் எழுதுகிறார். யாருக்குத் தள்ளுபடி? மனுப் போடும்போதே ஒன்றரை ஆண்டு பிரிந்து வாழ்ந்தவர்களுக்கு; சமரச முயற்சி தோற்றவர்களுக்கு; ஜீவனாம்சம், பிள்ளைகளின் பொறுப்பு எல்லாம் பேசி முடித்தவர்களுக்கு. தீர்ப்பின் தலைப்பை மட்டும் படித்தால் இப்படித்தான் எழுத வரும்.

கதவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதே பொய். ஒருவர் விரும்பி மற்றவர் மறுத்தால், 'இந்த மணம் மீள முடியாமல் உடைந்துவிட்டது' என்பது மட்டும் இன்றுவரை விவாகரத்துக்குக் காரணமாகச் சட்டத்தில் இல்லை. சட்ட ஆணையம் 1978இல் அதைப் பரிந்துரைத்தது. 2009இல் மறுபடியும் சொன்னது. 2013இல் மாநிலங்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மக்களவையின் காலம் முடிந்ததும் அது காலாவதியானது. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு, அரசமைப்பின் 142ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம் அப்படி விவாகரத்து வழங்கலாம் என்றது. ஆனால் அது உரிமை அல்ல, நீதிமன்றத்தின் விருப்புரிமை என்றும் சேர்த்தே சொன்னது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் அதற்கு டெல்லி வரை போக வேண்டும். ஆகவே அவள் வேறென்ன செய்வாள்? கொடுமை, கைவிடல், கள்ள உறவு என்று குற்றம் சாட்டித்தான் வெளியேற வேண்டும். கணவனும் அப்படியே. 'நீதிமன்றத்தில் ஒருவர்மேல் ஒருவர் சேற்றை வாரி இறைக்கிறார்கள், குடும்ப மானம் போகிறது' என்று கட்டுரையாளர் வேதனைப்படுகிறார். குற்றத்தை நிரூபித்தால்தான் விடுதலை என்று சட்டம் வைத்திருக்கும்வரை சேறு இல்லாமல் எப்படி வெளியே வருவது? அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கச் சொல்கிறவரும் அவரேதான்.

மற்ற மதத்தார் பக்கம் அவர் திரும்பவே இல்லை. 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில் கிறித்தவக் கணவனுக்கு மனைவியின் கள்ள உறவு ஒன்றே போதும், மனைவிக்கோ கணவனின் கள்ள உறவோடு கொடுமையோ கைவிடலோ சேர்ந்தாக வேண்டும் என்ற பாரபட்சம் சட்டப் புத்தகத்தில் 132 ஆண்டு இருந்தது, 2001இல்தான் நீக்கினார்கள். திருச்சபை ரத்து செய்தாலும் நீதிமன்றம் ரத்து செய்யாதவரை கிறித்தவத் திருமணம் சட்டத்தின் முன் நிற்கும் என்பதை 1996இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியும், இன்றும் ஆயரின் கடிதத்தோடு மறுமணத்துக்குத் தயாராகிறவர்கள் இருக்கிறார்கள். முஸ்லிம் பெண்ணுக்குத் தானே கேட்டு விலகும் குலா உண்டு, இருவரும் ஒத்து விலகும் முபாரத் உண்டு, 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் போகும் வழியும் உண்டு. 2017இல் செல்லாமல் போனது ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் மட்டும்தான். முத்தலாக் போனதோடு முஸ்லிம் மணவிலக்கே போய்விட்டது என்று நினைக்கிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு. இவ்வளவு குழப்பம் நிறைந்த இடத்தில் விளக்கேற்ற வேண்டிய எழுத்தாளன், எல்லாம் ஒன்றுதான் என்று ஊதி அணைக்கிறான்.

இனி, பஞ்சாயத்து. கட்டுரையின் தொடக்கத்தில் ஏழேழு பிறவிக்கும் அறுபடாத பந்தம் என்று எழுதியவர், முடிவுக்கு வரும்போது, ஒத்துவராதவர்களை ஊர்ப் பெரியவர்கள் ஒரு மாலையில் உட்கார்ந்து பேசி, பத்திரம் எழுதிப் பிரித்துவைத்த காலம் பொற்காலம் என்கிறார். ஒரே கட்டுரையில் பந்தம் தெய்வீகமாகவும் இருக்கிறது, வேப்பமரத்தடியில் ஒரு மாலைப் பொழுதில் அறுந்தும் போகிறது. எது உண்மை? சாத்திரமும் முறிக்க முடியாததை, அரசமைப்பின்கீழ் உட்கார்ந்திருக்கும் நீதிபதியும் முறிக்கக் கூடாததை, நாட்டாமை முறிக்கலாமா?

அந்தப் பத்திரம் ஒன்றை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் தென் மாவட்டத்துக் குடும்ப நல நீதிமன்றம் ஒன்றின் தாழ்வாரத்தில், ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் மஞ்சள் பையிலிருந்து பாலிதீன் கவரில் மடித்து வைத்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். 20 ரூபாய்ப் பத்திரத்தாள். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'இன்று முதல் நாமிருவரும் கணவன் மனைவி அல்ல, ஒருவர்மேல் ஒருவருக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை' என்று எழுதி, கீழே அவருடைய கைநாட்டு, கணவனின் கையெழுத்து, ஐந்து சாட்சிகள், நோட்டரியின் சிவப்பு முத்திரை. அதை நம்பி மறுமணம் செய்தார். இரண்டாவது கணவர் அரசு வேலையில் இருந்தவர், நல்ல மனிதர். இரண்டு பிள்ளைகள் பிறந்து, பதினெட்டு வருடம் வாழ்ந்து, அவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்குப் போனபோதுதான் முதல் கணவரிடமிருந்து விவாகரத்துத் தீர்ப்பு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். "ஊர்ல அத்தன பெரியவங்க முன்னால முடிஞ்சிருச்சுல்ல வக்கீலம்மா? முத்திரை கூட இருக்கே" என்று அந்தச் சிவப்பு வட்டத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினார். பிள்ளைகளுக்குப் பிரிவு 16 கைகொடுத்தது. அவருக்குக் கொடுக்க என் கையில் எந்தப் பிரிவும் இல்லை. முதல் திருமணம் சட்டப்படி முடியாததால் இரண்டாவது இல்லாநிலைத் திருமணம். பதினெட்டு வருடம் மனைவியாக வாழ்ந்தவர் விதவைகூட ஆக முடியவில்லை.

வழக்காற்று மணவிலக்கைச் சட்டம் மதிக்கவில்லையா என்று கேட்பார். மதிக்கிறது, பிரிவு 29(2) அதற்காகவே இருக்கிறது. ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இடைவிடாமல் இருந்துவருகிறது என்று மனுவில் எழுதி, சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். 2005இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் நிரூபிக்க முடியாமல் தோற்றார்கள். பத்திரம் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது ஊரில் முடிந்ததும் கடைசியில் நீதிமன்றத்தில்தான் முடிய வேண்டும். துரும்பு கொடுத்த காலத்தில் ஊரே சாட்சி, ஊரே பதிவேடு. ஓய்வூதியமும் பட்டாவும் ரேஷன் கார்டும் இல்லை. இன்று அரசின் பதிவேட்டில் ஏறாத விடுதலை பெண்ணுக்கு விடுதலை ஆகாது.

அப்படியானால் அந்தப் பத்திரத்தாளால் யாருக்கு லாபம்? ஜீவனாம்சத் தொகை அதில் இல்லை. பிள்ளை யாரிடம் வளரும், யார் செலவு பார்ப்பது என்பது இல்லை. சீர்வரிசை திரும்பியதா என்பது இல்லை. நீதிமன்றம் போனால் இருதரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்று 2020 ரஜ்னேஷ் வழக்கில் ஆணை உண்டு. வேப்பமரத்தடியில் அது கிடையாது. பெண்கள் ஜீவனாம்சத்துக்காகவே வழக்குப் போடுகிறார்கள் என்று குற்றம் சாட்டுகிறவரும், பஞ்சாயத்தில் முடிக்கச் சொல்கிறவரும் ஒருவரே என்பது தற்செயல் அல்ல. இந்து திருமணச் சட்டத்தின் 24, 25ஆம் பிரிவுகளின்கீழ் கணவனும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதை அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவருடைய கட்டுரையில் 'குடும்பம்' என்று வரும் இடமெல்லாம் 'கணவன்' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். ஒரு வாக்கியத்திலும் பொருள் மாறாது.

விவாகரத்து பெருகிச் சமூகம் சீரழிகிறது என்று முடிக்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியா முழுவதும் விவாகரத்தானவர்கள் ஏறத்தாழ 13.6 லட்சம் பேர். விவாகரத்து இல்லாமல் பிரிந்து வாழ்கிறவர்கள் அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். சீரழிவு எங்கே இருக்கிறது? முடிந்த திருமணங்களிலா, முடிந்தும் முடிக்கப்படாத திருமணங்களிலா? அந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தமிழில் ஒரு பெயர் வைத்திருக்கிறோம்: வாழாவெட்டி. அவளைத் தாய்வீட்டுத் திண்ணைக்கு அனுப்பிவிட்டு இன்னொருத்தியோடு வாழ்கிற ஆணுக்கு ஒரு சொல்லைக்கூட நாம் உண்டாக்கவில்லை. மரபைப் பற்றி எழுதப் புகுந்தவர் இந்த ஒற்றைச் சொல்லைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தால் அவர்மேல் எனக்கு மரியாதை வந்திருக்கும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பத்திரத்தாளை நம்பி, முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கும் பெண் இருந்தால், மறுமணத்துக்கு நாள் குறிக்கும் முன் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போங்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகங்களிலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி எண் 15100. அழைப்புக்குக் காசு கிடையாது.